கட்சியோடு வாக்களித்தல்: சட்டமன்ற ஒற்றுமையை எதைக் கொண்டு அளப்பது?

1. கேள்வியும் அதன் எல்லையும்

ஒரு மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் தம் கட்சியின் பெரும்பான்மையோடு சேர்ந்து எத்தனை முறை வாக்களிக்கிறார்? அமெரிக்க மாநிலங்களில் இந்தக் கேள்விக்கு எண்ணால் விடை சொல்ல முடியும். அங்கே பல மாநில அரசமைப்புகள் சட்டமுன்வடிவின் இறுதி வாக்கெடுப்பில் ஒவ்வோர் உறுப்பினரின் வாக்கையும் பெயர்வாரியாகப் பதிவுசெய்யச் சொல்கின்றன. அந்தப் பதிவேடுகளைக் கொண்டு ஓர் உறுப்பினர் தம் கட்சியோடு எவ்வளவு ஒத்துப்போகிறார் என்பதை விழுக்காட்டில் காட்டும் ஆய்வு மரபு நூறாண்டுகளுக்கு மேலாக வளர்ந்திருக்கிறது.

இந்திய மாநிலங்களைப் பற்றி இதே கேள்வியை எழுப்பினால், பெரும்பாலும் ‘எப்போதும்’ என்ற விடையே வரும். ஆளுங்கட்சியினர் அரசை ஆதரிப்பார்கள், எதிர்க்கட்சியினர் எதிர்ப்பார்கள் அல்லது வெளிநடப்புச் செய்வார்கள். இதில் ஆராய என்ன இருக்கிறது என்றே பலரும் நினைக்கிறார்கள். அந்த ‘எப்போதும்’ என்ற விடையைத்தான் இக்கட்டுரை ஆராய்கிறது. நம் சட்டமன்றங்களில் தெரியும் ஏறத்தாழ முழுமையான கட்சி ஒற்றுமை, உறுப்பினர்களின் உடன்பாட்டைக் காட்டும் சான்று ஆகாது. வாக்கு அரிதாகவே பதிவாகிறது. பதிவாகும்போதோ பதவி பறிபோகும் என்ற அச்சம் அதன்மேல் கவிந்திருக்கிறது. மாறுபட்ட கருத்து அவைக்கு வெளியே வேறு வடிவங்களில் வெளிப்படுகிறது. ஆகவே வாக்கைப் பெயர்வாரியாகப் பதிவுசெய்வதும் கட்சிக் கட்டளையின் எல்லையைச் சுருக்குவதும் ஒருசேர நடந்தாலன்றி, மக்கள் தம் பிரதிநிதியை அவருடைய வாக்கைக் கொண்டு மதிப்பிட முடியாது. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் அளவுகோல்களையும் அவற்றின் குறைகளையும் பார்த்துவிட்டு, பிறகு சென்னைச் சட்டமன்றத்தின் இரு காலகட்டங்களை (1952–54, 2017) அவற்றின் வெளிச்சத்தில் காணலாம்.

2. அளவுகோல்கள்

இந்த ஆய்வின் தொடக்கத்தில் நிற்பவர், பின்னாளில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தலைவரான ஏ. லாரன்ஸ் லோவெல். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் சட்டமியற்றலில் கட்சிகளின் செல்வாக்கு எவ்வளவு என்பதை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அவர் எண்களால் ஆராய்ந்தார். ஒரு கட்சியின் சார்பில் வாக்களித்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் ஒரே பக்கம் நின்றால் அதைக் கட்சி வாக்கு என்று அவர் வரையறுத்தார். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கட்சி வாக்கு பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெருகிவந்ததையும், அமெரிக்க அவைகளில் அது ஏறி இறங்கியதையும் அவருடைய ஆய்வு காட்டியது.

1920களில் ஸ்டுவர்ட் ரைஸ் இன்னும் எளிய குறியீடு ஒன்றைத் தந்தார். ஒரு கட்சியில் ஆதரித்தவர்களின் விழுக்காட்டுக்கும் எதிர்த்தவர்களின் விழுக்காட்டுக்கும் உள்ள வேறுபாடே அந்தக் குறியீடு. கட்சி சரிபாதியாகப் பிளந்தால் மதிப்பு 0. அனைவரும் ஒருபக்கம் நின்றால் 100. எழுபது பேர் ஆதரித்து முப்பது பேர் எதிர்த்தால் 40. உலகின் பல சட்டமன்றங்களைப் பற்றிய ஆய்வுகளில் இன்றும் இது பயன்படுகிறது.

மூன்றாவது அளவுகோலை அமெரிக்காவின் ‘காங்கிரஷனல் குவார்ட்டர்லி’ இதழ் பரப்பியது. ஒரு கட்சியின் பெரும்பான்மையினர் ஒருபக்கமும் மற்றக் கட்சியின் பெரும்பான்மையினர் மறுபக்கமும் நின்ற வாக்கெடுப்புகளை மட்டும் அது தனியே எடுத்துக்கொள்ளும். அவற்றில் ஓர் உறுப்பினர் தம் கட்சிப் பெரும்பான்மையோடு எத்தனை விழுக்காடு வாக்களித்தார் என்பதே அவருடைய ஒற்றுமை மதிப்பெண். எல்லாரும் ஒப்புக்கொண்டு ஒருமனதாக நிறைவேறும் சட்டமுன்வடிவுகள் மாநில அவைகளில் ஏராளம். அவற்றையும் சேர்த்தால் எல்லாருமே கட்சி விசுவாசிகளாகத் தோன்றுவார்கள் என்பதால் இந்த வடிகட்டல் தேவைப்பட்டது.

மூன்று அளவுகோல்களும் இரண்டு அடிப்படைகளைக் கேள்வியின்றி ஏற்கின்றன. உறுப்பினர் அவையில் இருந்து வாக்களிக்கிறார் என்பது ஒன்று. அந்த வாக்கு அவர் பெயரோடு பதிவாகிறது என்பது மற்றொன்று. இவ்விரண்டும் இல்லாத இடத்தில் அளவுகோல் என்ன ஆகும் என்பதைப் பின்னர் பார்ப்போம்.

3. விருப்பமா, கட்டளையா?

மதிப்பெண் கிடைத்த பிறகும் அதற்குப் பொருள் சொல்வது எளிதல்ல. இதைக் கூர்மையாக எடுத்துவைத்தவர் கீத் கிரேபியல். 1993இல் வெளிவந்த தம் கட்டுரையில், கட்சி எங்கே இருக்கிறது என்று அவர் கேட்டார். ஒரே கொள்கை உடையவர்கள் ஒரே கட்சியில் சேர்ந்திருந்தால் அவர்கள் ஒன்றாக வாக்களிப்பது இயல்பு. அதைக் கட்சியின் வலிமைக்குச் சான்றாகக் கொள்ள முடியாது. உறுப்பினர் தாம் விரும்பாத ஒன்றுக்குக் கட்சிக்காகக் கை தூக்கினார் என்று காட்டினால்தான் கட்சி தனியொரு விசையாகச் செயல்படுகிறது என்று சொல்லலாம்.

அப்படிக் காட்ட வேண்டுமானால், கட்சி அமைப்பு உள்ள அவையையும் இல்லாத அவையையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் நெப்ராஸ்கா அதற்கு வழிசெய்கிறது. 1937 முதல் அங்கே ஒரே அவைதான்; இப்போது 49 உறுப்பினர்கள். வாக்குச்சீட்டில் வேட்பாளரின் கட்சிப் பெயர் இராது. குழுத் தலைவர்களை முழு அவையும் இரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கிறது. ஜெரால்டு ரைட், பிரயன் ஷாஃப்னர் ஆகிய இருவரும் நெப்ராஸ்காவை அதன் அண்டை மாநிலமான கேன்சஸின் செனட்டோடு ஒப்பிட்டு 2002இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தேர்தலின்போது தெரிவித்த கருத்துகளில் இரு மாநிலங்களிலும் குடியரசுக் கட்சியினரும் ஜனநாயகக் கட்சியினரும் ஒரே மாதிரி எதிரெதிர் நிலையில் நின்றார்கள். ஆனால் வாக்களிப்பில் கேன்சஸில் கட்சிக்கோடு தெளிவாகத் தெரிந்தது; நெப்ராஸ்காவிலோ அந்தக் கோடு கலைந்துபோயிருந்தது. கருத்து வேறுபாடு மட்டும் கட்சி வாக்கை உண்டாக்குவதில்லை. அவைக்குள் கட்சி ஓர் அமைப்பாக இயங்கும்போதே அது உருவாகிறது என்பது இதிலிருந்து கிடைக்கும் பாடம்.

இன்னொரு மாநிலம் இதைவிடத் துணிந்த முடிவை எடுத்தது. 1988இல் கொலராடோ வாக்காளர்கள் தங்கள் மாநில அரசமைப்பில் ஒரு திருத்தத்தைப் பொதுவாக்கெடுப்பின் மூலம் சேர்த்தார்கள். கட்சிக் கூட்டத்தில் முடிவெடுத்து இன்னவாறு வாக்களிக்க வேண்டும் என்று உறுப்பினர்களைக் கட்டுப்படுத்துவதை அந்தத் திருத்தம் தடைசெய்கிறது. அதற்கு மூன்றாண்டுகள் முன்பு, 1985இல், இந்திய அரசமைப்பின் 52ஆம் திருத்தம் நேரெதிரான விதியைக் கொண்டுவந்திருந்தது. கட்சியின் கட்டளையை மீறி வாக்களிப்பவர் பதவி இழப்பார் என்றது அது. ஒரே பத்தாண்டில் ஓர் அரசமைப்பு கட்சிக் கட்டளையைக் குற்றமாகவும், இன்னோர் அரசமைப்பு அந்தக் கட்டளையை மீறுவதைக் குற்றமாகவும் ஆக்கின. இவ்விரு அவைகளின் ஒற்றுமை மதிப்பெண்களை ஒரே அட்டவணையில் வைத்தால் கிடைக்கும் எண்கள் ஒப்பிடத்தக்கவை அல்ல.

அமெரிக்க எண்களிலும் மறைவுகள் உண்டு. தன் கட்சியைப் பிளக்கக்கூடிய சட்டமுன்வடிவை வாக்கெடுப்புக்கு வராமலே தடுக்கும் அதிகாரம் பல அவைகளில் தலைமைக்கு இருக்கிறது. வராத வாக்கெடுப்பு கணக்கில் சேராது. அவையை விட்டு வெளியேறுவதும் உண்டு. 2003இல் டெக்சாஸ் மாநில ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் தொகுதி மறுவரையறைச் சட்டத்தைத் தடுக்க, அவை நடத்தத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை இல்லாமல் செய்வதற்காக ஓக்லஹோமாவுக்குச் சென்று தங்கினார்கள். அந்தக் கட்சியின் அன்றைய பெரும் ஒற்றுமைச் செயல் எந்த வாக்குப் பதிவேட்டிலும் இடம்பெறவில்லை.

4. இந்திய மாநிலங்களில் வாக்கு எங்கே பதிவாகிறது?

அரசமைப்பின் 189ஆம் பிரிவு, அவையில் இருந்து வாக்களிப்போரின் பெரும்பான்மையால் முடிவெடுக்க வேண்டும் என்கிறது. 194ஆம் பிரிவு, அவையில் அளித்த வாக்குக்காக எந்த உறுப்பினர்மீதும் நீதிமன்றத்தில் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று காக்கிறது. ஆனால் வாக்கை ஒவ்வொரு முறையும் பெயரோடு பதிவுசெய்ய வேண்டும் என்று அரசமைப்பு வற்புறுத்தவில்லை. நடைமுறையில் பெரும்பாலான சட்டமுன்வடிவுகளும் மானியக் கோரிக்கைகளும் குரல் வாக்கெடுப்பிலேயே நிறைவேறுகின்றன. ‘ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க’ என்று பேரவைத் தலைவர் கேட்பதும், எழும் ஒலியைக் கொண்டு முடிவை அறிவிப்பதும் தமிழ்நாட்டுச் சட்டமன்ற நடவடிக்கைகளைக் கவனிப்போருக்குப் பழகியவை. உறுப்பினர்கள் கோரினால் எண்ணிக் கணக்கெடுக்கும் ‘டிவிஷன்’ முறை உண்டு. ஆனால் பெரும்பான்மை வெளிப்படையாகத் தெரியும் நாட்களில் அதைக் கோருவோர் குறைவு.

இதனால் ஓர் உறுப்பினர் தம் ஐந்தாண்டுக் காலத்தில் எத்தனை சட்டங்களை ஆதரித்தார், எவற்றை எதிர்த்தார் என்பதைப் பெயர்வாரியாகக் காட்டும் முழுமையான பதிவு உருவாவதே இல்லை. அவர் பேசிய உரை அவைக்குறிப்பில் இருக்கும். கேட்ட கேள்வி இருக்கும். அவருடைய வாக்கு இராது.

இந்தச் சூழலில்தான் 52ஆம் திருத்தம் அரசமைப்பில் சேர்த்த பத்தாவது அட்டவணை, அதாவது கட்சித் தாவல் தடைச் சட்டம், வந்து சேர்கிறது. அதன் பின்னணி நியாயமானது. 1967 தேர்தலுக்குப் பின் வட மாநிலங்களில் உறுப்பினர்கள் அணி மாறி அரசுகளைக் கவிழ்த்தார்கள். ஹரியானாவில் கயா லால் என்ற உறுப்பினர் குறுகிய காலத்துக்குள் பலமுறை கட்சி மாறியது நாடு முழுவதும் பேச்சானது. இந்நிலையை ஆராய ஒய்.பி. சவான் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. 1985இல் வந்த சட்டம் இரண்டு வகைச் செயல்களைத் தகுதிநீக்கத்துக்கு உரியவை ஆக்கியது: கட்சி உறுப்பினர் நிலையைத் தாமாகவே கைவிடுதல், கட்சியின் கட்டளைக்கு மாறாக வாக்களித்தல் அல்லது வாக்களிக்காமல் இருத்தல். முன் அனுமதி பெற்றிருந்தாலோ, பதினைந்து நாட்களுக்குள் கட்சி மன்னித்தாலோ இரண்டாவது வகைக்கு விலக்கு உண்டு. மூன்றில் ஒரு பங்கினர் பிரிந்தால் கிடைத்துவந்த விலக்கு 2003ஆம் ஆண்டின் 91ஆம் திருத்தத்தால் நீக்கப்பட்டது. மூன்றில் இரு பங்கினர் ஒப்பும் இணைப்புக்கான விலக்கு மட்டும் நிற்கிறது.

1992இல் கிஹோட்டோ ஹொல்லோஹன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டத்தை ஏற்றது. அதே தீர்ப்பில், கொறடாவின் கட்டளைக்குத் தகுதிநீக்க வலிமை அரசின் நிலைப்பைத் தீர்மானிக்கும் வாக்குகளிலும், கட்சியின் அடிப்படைக் கொள்கையும் திட்டமும் சார்ந்த வாக்குகளிலும் மட்டுமே இருக்க வேண்டும் என்றும் அது கருத்துரைத்தது. எந்த வாக்கு அடிப்படைக் கொள்கை சார்ந்தது என்பதை முடிவுசெய்வது கட்சித் தலைமையாகவே இருப்பதால், அந்தக் கருத்துரை நடைமுறையில் தலைமையின் கையைக் கட்டவில்லை.

5. சென்னை, 1952–54: கட்டளைக்குத் தண்டனை இல்லாத காலம்

கட்சித் தாவல் தடைச் சட்டம் இல்லாத காலத்தில் நம் அவை எப்படி வாக்களித்தது? 1952 பொதுத்தேர்தலில் 375 உறுப்பினர் கொண்ட சென்னைச் சட்டமன்றத்தில் காங்கிரஸ் 152 இடங்களையே பெற்றது. ஆட்சி அமைத்த இராஜாஜி, அவ்வாண்டு ஜூலையில் நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பில் 200க்கு 151 என்ற கணக்கில் வென்றார். தேர்தலில் எதிரணியில் நின்று வென்றவர்களும் சுயேச்சைகளும் சேர்ந்துதான் அந்த 200 உருவானது. பின்னாளில் கட்சித் தாவல் தடைச் சட்டம் தடுக்க நினைத்த நடைமுறை, சென்னை மாநிலத்தில் முதல் பொதுத்தேர்தலோடே தொடங்கிவிட்டது.

ஆனால் அதே அவை ஓராண்டில் வேறொரு முகத்தையும் காட்டியது. 1953இல் இராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தை, எதிர்ப்பாளர்கள் ‘குலக்கல்வித் திட்டம்’ என்று அழைத்தார்கள். பள்ளி நேரம் குறைக்கப்பட்டு, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்பது திட்டம். திராவிடர் கழகமும் திராவிட முன்னேற்றக் கழகமும் தெருவில் போராடின. காங்கிரசுக்குள்ளேயும் எதிர்ப்பு வலுத்தது. 1953 ஜூலை 29 அன்று திட்டத்தைக் கைவிடக் கோரிய தீர்மானத்துக்கு ஆதரவும் எதிர்ப்பும் 138க்கு 138 என்று சமமாகி, அது நிறைவேறாமல் போனது. திட்டத்தை நிறுத்திவைத்து வல்லுநர் குழுவின் ஆய்வுக்கு அனுப்பக் கோரிய மற்றொரு தீர்மானம் 139க்கு 137 என்று நிறைவேறியது.

இந்த எண்களை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். முந்திய ஆண்டு 200 பேரின் ஆதரவைக் காட்டிய அரசின் பக்கம் இப்போது 138 பேரே திரண்டார்கள். எதிரணியும் 151இலிருந்து குறைந்திருக்கிறது. எத்தனை பேர் அணி மாறினார்கள், எத்தனை பேர் வராமல் இருந்தார்கள் என்பதை மொத்த எண் மட்டும் காட்டாது. ஆனாலும் மூன்று செய்திகள் உறுதி. ஆளுங்கட்சி முன்வைத்த ஒரு கொள்கைமீது அவை உண்மையிலேயே முடிவெடுத்தது. வாக்கெடுப்பு முடியும்வரை விளைவு தெரியாதிருந்தது. அரசு ஒரு தீர்மானத்தில் தோற்றும் கவிழவில்லை. இராஜாஜி அடுத்த ஆண்டுவரை முதலமைச்சராகத் தொடர்ந்தார். கொள்கை குறித்த ஒரு தோல்வி ஆட்சியையே வீழ்த்திவிடும் என்பது தவிர்க்க முடியாத விதியல்ல என்பதற்கு நம் சட்டமன்றமே சான்று.

இறுதித் தீர்ப்பு கட்சிக்குள்தான் வந்தது. 1954 மார்ச்சில் காங்கிரஸ் சட்டமன்றக் கட்சித் தலைமைக்கான வாக்கெடுப்பில் காமராசர் 93 வாக்குகளும், இராஜாஜியின் ஆதரவு பெற்ற சி. சுப்பிரமணியம் 41 வாக்குகளும் பெற்றார்கள். காமராசர் அரசு அவ்வாண்டே திட்டத்தைக் கைவிட்டது. ரைஸின் குறியீட்டை இந்த உட்கட்சி வாக்குக்குப் பொருத்தினால் ஏறத்தாழ 39 வரும். அதாவது கட்சி ஆழமாகப் பிளந்திருந்தது. அந்தப் பிளவைச் சட்டமன்றக் கட்சி மறைக்கவில்லை, வாக்களித்துத் தீர்த்துக்கொண்டது. அமைச்சரவையை மாற்றும் அளவுக்கு உறுப்பினர்களின் கருத்துக்கு அன்று எடை இருந்தது.

6. சென்னை, 2017: அளவுகோல் தோற்ற நாள்

2017 பிப்ரவரி 18 அன்று முதலமைச்சர் எடப்பாடி கே. பழனிசாமி நம்பிக்கை கோரும் தீர்மானத்தை முன்மொழிந்தார். அதற்கு முந்திய நாட்களில் ஆளுங்கட்சியான அதிமுகவின் உறுப்பினர்கள் கூவத்தூரில் ஒரு விடுதியில் தங்கவைக்கப்பட்டிருந்தார்கள். இரகசிய வாக்கெடுப்பு வேண்டும் என்று, அக்கட்சியிலிருந்து பிரிந்து நின்ற ஓ. பன்னீர்செல்வம் அணியும் எதிர்க்கட்சித் தலைவர் மு.க. ஸ்டாலினும் கோரினார்கள். பேரவைத் தலைவர் ப. தனபால் மறுத்தார். அமளிக்கிடையே திமுக உறுப்பினர்கள் வெளியேற்றப்பட்டார்கள். காங்கிரஸ் உறுப்பினர்கள் வெளிநடப்புச் செய்தார்கள். பகுதி பகுதியாக எழுந்து நிற்கச் சொல்லி எண்ணப்பட்ட வாக்கெடுப்பில் 122 பேர் ஆதரித்தார்கள். 11 பேர் எதிர்த்தார்கள்.

மேலே கண்ட அளவுகோல்களை இதற்குப் பொருத்திப் பார்க்கலாம். வாக்களித்த 133 பேரும் 2016இல் அதிமுகவின் இரட்டை இலைச் சின்னத்தில் வென்றவர்கள். அவர்களில் ஏறத்தாழ 92 விழுக்காட்டினர் ஒருபக்கம் நின்றார்கள். ரைஸ் குறியீடு 83ஐ ஒட்டி வரும். லோவெலின் பத்தில் ஒன்பது வரையறையையும் இது தாண்டிவிடுகிறது. எண்களை மட்டும் பார்க்கும் ஆய்வாளர் இதை ஒற்றுமை மிக்க கட்சி என்றே வகைப்படுத்துவார். அந்தக் கட்சி உண்மையில் அன்று பிளவின் உச்சத்தில் இருந்தது. சின்னம் யாருக்கு என்ற பூசலும் தொடங்கியிருந்தது.

மூன்றாவது அளவுகோலின் நிலை இன்னும் வியப்பானது. இரு கட்சிகளின் பெரும்பான்மையினர் எதிரெதிராக வாக்களித்தால்தான் அது கட்சி வாக்காகக் கணக்கில் வரும். எதிர்க்கட்சியினர் எவரும் அவையில் இல்லாததால், தமிழ்நாட்டின் அண்மைக்கால வரலாற்றில் மிகக் கடுமையான கட்சிப் போராட்டம் நடந்த வாக்கெடுப்பு, அந்த வரையறைப்படி கட்சி வாக்கே அல்ல. வாக்களிக்க முடியாமல் வெளியேற்றப்படுவதும், வாக்களிக்க மறுத்து வெளியேறுவதும் நம் அவை அரசியலின் இயல்பான பகுதிகளாக இருக்கும்வரை, பதிவான வாக்குகளின் விழுக்காடு உண்மையின் ஒரு துண்டையே காட்டும்.

சென்னை அவையின் நெருக்கடி நாட்களில் இது புதிதும் அல்ல. 1972இல் எம்.ஜி.ஆர். திமுகவிலிருந்து பிரிந்த பின் பேரவைத் தலைவர் கே.ஏ. மதியழகனும் துணைத் தலைவர் பெ. சீனிவாசனும் ஒரே நேரத்தில் அவையை நடத்த முயன்றார்கள். 1988 ஜனவரி 28 அன்று முதலமைச்சர் வி.என். ஜானகி நம்பிக்கை கோரியபோது அவைக்குள் வன்முறை வெடித்துக் காவல்துறை நுழைந்தது. இரண்டு நாட்களில் அரசு கலைக்கப்பட்டது. வாக்கு மிகவும் தேவைப்பட்ட நாட்களில்தான் வாக்கெடுப்பு முறையாக நடக்க இயலாமல் போயிருக்கிறது.

7. சட்டம் எதைத் தண்டிக்கிறது?

2017இன் தொடர்ச்சி இந்த ஆய்வுக்கு மிக முக்கியமான சான்று. அரசுக்கு எதிராக அவையில் வாக்களித்த 11 பேரும் பதவி இழக்கவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டில் பழனிசாமி, பன்னீர்செல்வம் அணிகள் இணைந்தன. பன்னீர்செல்வம் துணை முதலமைச்சரானார். 11 பேரையும் தகுதிநீக்கம் செய்யக் கோரித் திமுக தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2018 ஏப்ரலில் தலையிட மறுத்தது. மேல்முறையீட்டில், பேரவைத் தலைவர் நடவடிக்கையைத் தொடங்கிவிட்டதைச் சுட்டி, உச்ச நீதிமன்றம் 2020 பிப்ரவரியில் வழக்கை முடித்துவைத்தது. ஆட்சிக்காலமும் முடிந்தது.

மறுபக்கம், அதே கட்சியின் மற்றோர் அணித் தலைவரான டி.டி.வி. தினகரனை ஆதரித்த 18 உறுப்பினர்கள் அவையில் அரசுக்கு எதிராக ஒரு வாக்கும் அளிக்கவில்லை. முதலமைச்சர்மீது நம்பிக்கை இல்லை என்று 2017 ஆகஸ்ட் 22 அன்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள். அடுத்த மாதம் 18ஆம் தேதி பேரவைத் தலைவர் அவர்களைத் தகுதிநீக்கம் செய்தார். உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் 2018 ஜூனில் மாறுபட்ட தீர்ப்பளித்தார்கள். மூன்றாவது நீதிபதி அக்டோபரில் தகுதிநீக்கத்தை உறுதிசெய்தார். வாக்கால் எதிர்த்தவர்கள் அமைச்சரவை வரை சென்றார்கள். கடிதத்தால் எதிர்த்தவர்கள் பதவி இழந்தார்கள். 2010இல் கர்நாடகத்தில் எடியூரப்பாவுக்கு எதிராக ஆளுநரிடம் இத்தகைய கடிதம் கொடுத்த பாஜக உறுப்பினர்களின் தகுதிநீக்கத்தை உச்ச நீதிமன்றம் 2011இல் ரத்துசெய்திருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இமாச்சலப் பிரதேசம் இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. 2024 பிப்ரவரியில் நடந்த மாநிலங்களவைத் தேர்தலில் காங்கிரசின் ஆறு உறுப்பினர்கள் பாஜக வேட்பாளருக்கு வாக்களித்தார்கள்; 34க்கு 34 என்று சமமாகி, குலுக்கலில் பாஜக வென்றது. அந்த வாக்குக்காக அவர்களைத் தகுதிநீக்கம் செய்ய இயலாது. மாநிலங்களவைத் தேர்தலுக்குக் கொறடா கட்டளை பொருந்தாது. அடுத்து வந்த வரவுசெலவுத் திட்ட வாக்கெடுப்பில் கட்டளையை மீறி அவையில் இல்லாமற்போனதற்காகவே அவர்கள் பதவி இழந்தார்கள். இடைத்தேர்தலில் அந்த ஆறு தொகுதிகளில் நான்கைக் காங்கிரஸ் மீட்டது. இரண்டு இடங்களிலும் ஒரே உண்மை புலப்படுகிறது. தகுதிநீக்கத்தைத் தீர்மானிப்பது மாறுபட்ட வாக்கு மட்டும் அல்ல. அப்போது கட்சி யார் கையில் இருக்கிறது, பேரவைத் தலைவர் எப்போது முடிவெடுக்கிறார் என்பவையே பெரும்பாலும் விளைவை நிர்ணயிக்கின்றன. மணிப்பூர் வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம், இத்தகைய மனுக்கள்மீது பொதுவாக மூன்று மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று சொல்ல நேர்ந்ததும், பேரவைத் தலைவருக்குப் பதிலாக நிலையான தீர்ப்பாயம் போன்ற ஓர் அமைப்பை ஏற்படுத்துவது பற்றி நாடாளுமன்றம் சிந்திக்க வேண்டும் என்று அறிவுறுத்தியதும் இதனால்தான்.

8. எதிர்வாதங்கள்

கட்டளையைத் தளர்த்தினால் உறுப்பினர் விலைபோவார் என்பது வலுவான எதிர்வாதம். அதைத் தள்ளிவிட முடியாது. வாக்களிக்க இலஞ்சம் வாங்கிய உறுப்பினருக்கு 194ஆம் பிரிவின் பாதுகாப்பு இல்லை என்று சீதா சோரன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 2024இல் தீர்ப்பளித்ததே, அந்த ஆபத்து கற்பனை அல்ல என்பதைக் காட்டுகிறது. ஆனால் விலைபேசல் நடப்பது பெரும்பாலும் ஆட்சி கவிழும் தருணங்களில். நூலகச் சட்டத்தின் ஒரு பிரிவையோ உள்ளாட்சி அமைப்பின் எல்லையையோ பற்றிய வாக்குக்கும் அதே தண்டனையை நீட்டிப்பதற்கு இந்த வாதம் இடம் தரவில்லை. 1990இல் தினேஷ் கோஸ்வாமி குழுவும், கட்சி உறுப்பினர் நிலையைக் கைவிடுதல், நம்பிக்கை தொடர்பான வாக்கெடுப்பு ஆகியவற்றோடு தகுதிநீக்கத்தை நிறுத்திக்கொள்ளலாம் என்றே பரிந்துரைத்தது.

மக்கள் கட்சிக்குத்தானே வாக்களித்தார்கள், உறுப்பினர் தனிக்குரல் எழுப்ப என்ன உரிமை என்பது இரண்டாவது எதிர்வாதம். தமிழ்நாட்டில் சின்னத்தின் வலிமையை அறிந்தவர்கள் இதை எளிதில் மறுக்க மாட்டார்கள். ஆயினும் தேர்தல் அறிக்கையில் இல்லாத நூற்றுக்கணக்கான முடிவுகளை ஓர் அவை எடுக்கிறது. அவற்றில் தொகுதியின் நலனும் கட்சித் தலைமையின் விருப்பமும் மோதும்போது, உறுப்பினர் எந்தப் பக்கம் நின்றார் என்று அறியும் உரிமை வாக்காளருக்கு உண்டு. ஓர் அணைத் திட்டத்தில், ஒரு தொழிற்பேட்டைக்கான நில எடுப்பில், அந்தத் தொகுதியின் உறுப்பினர் ‘ஆம்’ என்றாரா ‘இல்லை’ என்றாரா என்பது பொதுக்குரலில் கரைந்துபோகக் கூடாது.

பெயர்வாரிப் பதிவு உறுப்பினர்மீது தலைமையின் பிடியை இன்னும் இறுக்கும் என்பது மூன்றாவது. இரகசிய வாக்கில் மனச்சான்று பேசும் என்பதற்கு 1969 குடியரசுத் தலைவர் தேர்தலைச் சான்றாகக் காட்டலாம். அதில் காங்கிரசின் அதிகாரபூர்வ வேட்பாளர் சஞ்சீவ ரெட்டி தோற்று வி.வி. கிரி வென்றார். இந்த அச்சம் உண்மையானது. தண்டனை இன்றுள்ளபடியே இருக்க, பதிவை மட்டும் கொண்டுவந்தால், தலைமையின் கையில் இன்னொரு கண்காணிப்புப் பட்டியலைக் கொடுத்ததாகவே முடியும். அதற்காகச் சட்டமியற்றும் வாக்கை இரகசியமாக்கினால் வாக்காளரிடமிருந்தும் அது மறைந்துவிடும். பிரதிநிதியின் வாக்கு பிரதிநிதித்துவம் பெறுவோருக்குத் தெரிய வேண்டும். தலைமையின் தண்டனைக்கு அது உட்படக் கூடாது. இரண்டையும் ஒன்றாகச் செய்வதுதான் வழி.

9. முடிவு

கட்சியின் பெரும்பான்மையோடு உறுப்பினர் எத்தனை முறை வாக்களிக்கிறார் என்பது, வேறுவிதமாகவும் வாக்களிக்கக்கூடிய இடத்தில் மட்டுமே பொருளுள்ள கேள்வி. நெப்ராஸ்காவும் கேன்சஸும் கட்சி அமைப்பு வாக்கை எப்படி வார்க்கிறது என்று காட்டின. 1953இன் சென்னை, அரசு கவிழாமலே அவை ஒரு கொள்கையை நிறுத்த முடியும் என்று காட்டியது. 2017இன் சென்னை, வாக்கு எண்ணிக்கையில் ஒற்றுமை மிகுந்திருக்கும்போதே கட்சி பிளந்திருக்க முடியும் என்று காட்டியது.

இவற்றிலிருந்து மூன்று மாற்றங்களை இக்கட்டுரை வற்புறுத்துகிறது. முதலாவது, ஒவ்வொரு சட்டமுன்வடிவின் இறுதி வாக்கெடுப்பும் பெயர்வாரியாகப் பதிவாகி, அவைக்குறிப்போடு தமிழில் வெளியாக வேண்டும்; இதைப் பேரவை தன் விதிகளைத் திருத்தியே செய்துகொள்ளலாம், அரசமைப்புத் திருத்தம் தேவையில்லை. இரண்டாவது, தகுதிநீக்கத்துக்குரிய கொறடா கட்டளை நம்பிக்கை வாக்கெடுப்போடும் நிதி சார்ந்த வாக்கெடுப்போடும் நிற்க வேண்டும். இதற்கு நாடாளுமன்றம் பத்தாவது அட்டவணையைத் திருத்த வேண்டும். மூன்றாவது, தகுதிநீக்க மனுக்கள்மீது முடிவெடுக்கும் பொறுப்பு பேரவைத் தலைவரிடமிருந்து நடுநிலையான அமைப்புக்கு மாற வேண்டும்.

இவை நடந்தாலும் நம் உறுப்பினர்கள் பெரும்பாலும் கட்சியோடே வாக்களிப்பார்கள். அதில் தவறில்லை, கொள்கையால் ஒன்றுபட்டவர்கள் ஒன்றாக வாக்களிப்பது மக்களாட்சிக்கு வலிமை. மாற்றம் வேறோர் இடத்தில் நிகழும். அவர்களுடைய ‘ஆம்’ அவர்களே தேர்ந்துகொண்ட ‘ஆம்’ ஆக இருக்கும். ஐந்தாண்டு முடிவில் வாக்குக் கேட்டு வருபவரிடம், இந்தச் சட்டத்துக்கு ஏன் ஆதரவு தந்தீர்கள் என்று அவர் பெயருக்கு நேரே உள்ள பதிவைக் காட்டி ஒரு வாக்காளர் கேட்க முடியும். கட்சி சொன்னது என்பது அப்போது போதுமான விடையாக இராது.